குழி தயார், வாருங்கள்

கொடைக்கானலுக்கு மரம் நட வருகிற பெருமக்களுக்கு முதற்கண் வணக்கம். நீங்கள் வந்து சேரும் முன்பே குழி வெட்டியாகிவிட்டது. வெட்டியவருக்கு நாள் கூலி. அவர் படத்தில் வரமாட்டார். மண்வெட்டிப் பிடியில் ரிப்பன் கட்டியிருக்கிறோம். கையில் மண் ஒட்டாமலிருக்க உறை தருகிறோம். நாற்றுப் பையை யாரோ கிழித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது குனிவது, சிரிப்பது, நிமிர்வது. நிமிர்ந்ததும் கையில் சான்றிதழ். அதற்கு மேல் அவகாசமில்லை. காலைச் சிற்றுண்டி பத்து மணியோடு முடிந்துவிடும்.

இதற்குச் சூழல் சுற்றுலா என்று பெயர். வழிகாட்டியோடு இரண்டு மணி நேர நடை, நடை முடிந்ததும் ஒரு கன்று, கன்றுக்குப் பக்கத்தில் உங்கள் பிள்ளையின் பெயர் பொறித்த பலகை. பலகை துருப்பிடிக்காத எவர்சில்வர். கன்று உயிருள்ள பொருள் என்பதால் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

என்ன கன்று என்று கேட்பது விருந்தாளிக்கு அழகில்லை. இருந்தாலும் சிலர் கேட்டுவிடுகிறார்கள். சில்வர் ஓக் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரன், மளமளவென்று வளர்வான். ஜக்கராண்டா இருக்கிறது, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஊதாப் பூ, படத்துக்கு எடுப்பு. இந்த மலைச் சோலைக்கே உரிய நாவலோ காட்டுச் செண்பகமோ கிடைக்குமா என்றால், முகம் சுருங்குகிறது. அதெல்லாம் மெதுவாக வளருங்க. விதையைக் காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டும், பல விதைகள் கொஞ்ச நாள் வைத்திருந்தாலே செத்துப்போகும், முளைத்ததை நிழலில் வைத்து ஆண்டுக்கணக்கில் வளர்க்க வேண்டும். அடுத்த கோடைக்கு நீங்கள் திரும்பி வரும்போது முழங்கால் உயரம்கூட இருக்காது. வாடிக்கையாளர் மனம் நோகலாமா?

நடுகிற இடம் அதைவிட அருமை. மரமே இல்லாத, வெயில் நன்றாக விழுகிற, பின்னால் பள்ளத்தாக்கு தெரிகிற புல்சரிவு. பாவம், மொட்டையாகக் கிடக்கிறதே என்று உங்களுக்கு இரக்கம் சுரக்கிறது. அந்தச் சரிவு மொட்டையாகக் கிடக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் நீரோடும் மடிப்புகளில் சோலை நிற்கும், காற்றும் உறைபனியும் அடிக்கிற மேடுகளில் புல் நிற்கும். யாரும் நடாமல், யாரும் வெட்டாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மலை தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு அது. வரையாடு மேய்வது அந்தப் புல்லில். குறிஞ்சி பூப்பது அந்தச் சரிவில். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும். மழையைப் பிடித்து வைத்து மஞ்சளாற்றுக்கும் மருதாநதிக்கும் பொருந்தலாற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுவதும் அந்தப் புல்லும் சோலையும்தான். அங்கே போய்க் குழி வெட்டி மரத்தை நட்டு, மண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று கைதட்டுகிறோம்.

இந்த இரக்கம் நமக்குப் பாட்டன் சொத்தாக வந்தது. வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு வந்தார்கள், புல்வெளியைப் பார்த்தார்கள், சும்மா கிடக்கிற நிலம் என்று முடிவு கட்டினார்கள். விறகு வேண்டும் என்று 1840களில் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) கொண்டுவந்தார்கள். பிறகு நாம் 'வெள்ளையனே வெளியேறு' என்றோம். அவன் வெளியேறினான். அவன் கொண்டுவந்த மரத்தை மட்டும் உட்காரவைத்து, இன்னும் நாலு மலைக்குப் பந்தி விரித்தோம். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும். ரேயான் நூலுக்குக் கற்பூர மரக் கூழ் வேண்டும். கூழுக்கு மரம் வாங்கிய சிறுமுகை ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை பரவிக்கொண்டே இருக்கின்றன.

கணக்கு வேண்டுவோருக்குக் கணக்கும் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கொடைக்கானல் இருக்கிற பழனி மலையை அளந்தார்கள். 1973க்கும் 2014க்கும் இடையே அந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தின்றது மரத்தோட்டமும் விவசாயமும். கோடரி தூக்கி இயற்கையை அழித்த நாடுகள் உலகத்தில் நிறைய உண்டு. மரம் நட்டே அழித்துவிட்டு, அதற்கு விழாவும் எடுக்கிற சாமர்த்தியம் நம்முடையது. விழா என்றதும் நினைவுக்கு வருகிறது: 1950இல் கே.எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து இந்த நாட்டில் அமைச்சர்களும் ஆட்சியர்களும் நட்ட கன்றுகள் அத்தனையும் பிழைத்திருந்தால், இன்று நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்கள் கிளை தாவித்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

மலையைக் காப்பாற்றும் ஏற்பாடுகளும் நடக்காமல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வண்டிகளுக்கு உச்சவரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000, நீலகிரிக்கு 6,000, 8,000. நீதிமன்றத்தைக் குறை சொல்ல வாய் வரவில்லை. காது கேளாத அரசாங்கங்களுக்குப் பக்கத்தில் அதுவாவது மணி அடித்தது. சனிக்கிழமை விடிந்தால் மலைக்கு இரண்டாயிரம் வண்டிகளைக் கூடுதலாகச் சுமக்கும் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் விளங்கவில்லை. மலைக்கும் வார விடுமுறை உண்டு என்று யாராவது சொன்னார்களோ என்னவோ.

அந்த வண்டிகளில் வருகிறவர்கள் பார்ப்பது என்ன? தூண் பாறையில் இறங்குகிறார்கள், பனியைப் படம் எடுக்கிறார்கள். பைன் காட்டில் இறங்குகிறார்கள். அது காடில்லை, வரிசை பிடித்து நட்ட வெளிநாட்டு மரத்தோட்டம். அங்கே குதிரை, சோளக்கதிர், காதல் பாட்டுக்கு ஒரு ரீல்ஸ். குணா குகைக்குப் போகிறார்கள். ஒரு மலையாளப் படம் ஓடிய பிறகு கூட்டம் இன்னும் பெருத்துவிட்டது. மண்ணுக்கு மேலே பிதுங்கி நிற்கிற வேர்களின் மேல் ஏறி நின்று குடும்பத்தோடு சிரிக்கிறார்கள். ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விட்டு, சாக்லேட் வாங்கி, மலையைப் பார்த்தாகிவிட்டது என்று இறங்குகிறார்கள். ஒரு சோலைக்குள் பத்து நிமிடம் நின்றவர்கள் அவர்களில் எத்தனை பேர்? மனசாட்சி கொஞ்சம் உறுத்துகிறவர்களுக்காகத்தான் ரிப்பன் கட்டிய மண்வெட்டி.

இப்படிச் சொன்னதும், 'அப்படியானால் யாரும் மலைக்கே வரக்கூடாதா?' என்று சீறுவார்கள். வாருங்கள். வண்டியைக் கீழே விட்டுவிட்டு வாருங்கள். மலையைத் தெரிந்த ஒருவர் பின்னால் நடந்து வாருங்கள். பாயிண்ட் பாயிண்டாக இறங்கி ஏறுகிற நாற்பது பேரைவிட, ஒரு வழிகாட்டியோடு நாள் முழுக்க நடக்கிற நாலு பேரால் மலைக்கு நன்மை. அவர்கள் ஊரில் சாப்பிடுவார்கள், ஊருக்குக் கூலி கொடுப்பார்கள், எந்த மரம் இந்த மண்ணுக்கு உரியது, எது வந்தேறி என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நடை என்பது மலைக்கு வருமானம் தரக்கூடிய, மலையைத் தின்னாத ஒரே தொழில். அதையும் எடுத்து விடுதியின் விலைப்பட்டியலில் மசாஜுக்கும் கேம்ப்ஃபயருக்கும் நடுவே சொருகிவிட்டோமே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த மலையைத் தெரிந்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். பழனி மலையில் பளியர்கள் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவில் காட்டுமாடு நிற்கும், எந்தப் பழம் பழுத்தால் எந்தப் பறவை வரும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாலபாடம். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் இரண்டும் நல்லவை. நடப்பிலோ, காட்டின் மகன் காட்டுக்குள் போனால் ஏன், எதற்கு, சீட்டு எங்கே என்று கேள்வி வரும். நாம் போனால் 'அனுபவம்' என்று பெயர் வைத்து இன்னிசையோடு வரவேற்பார்கள். அவருடைய அறிவை வாங்கி நுனிநாக்கில் ஒப்பிக்கிற ஒரு பட்டணத்து இளைஞருக்கு 'நேச்சுரலிஸ்ட்' என்று சட்டையில் பெயர் தைத்திருக்கும். பளியருக்கு அதே விடுதியில் வேலை கிடைக்கும், குழி வெட்ட.

மலையைத் தெரியாமல் மலையேறினால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டம் நமக்குச் சொல்லிவிட்டது. இந்த இடத்தில் கேலிக்கு வேலையில்லை. 2018 மார்ச் 11, குரங்கணி. காய்ந்த புல், காற்று, தீ. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பெரும்பாலும் இளையவர்கள். தீயைக் கண்டு, மீட்பதற்கு முதலில் சரிவில் ஏறி ஓடியவர்களில் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் இருந்தார்கள். மார்ச்சில் அந்தப் புல் எப்படிப் பற்றும், பற்றினால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களை முன்னால் நடக்கவிட்டிருக்க வேண்டிய ஏற்பாடு, சாவு விழுந்த பிறகுதான் கோப்பில் ஏறியது. விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது. மலைக்கிராமத்து, பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளானார்கள். நல்ல காரியம். இன்னும் ஒரு வரி மட்டும் பாக்கி. அந்த நடைக்குப் பணம் கட்டும் ரசீதில், வழிகாட்டிக்கு இவ்வளவு, இந்தத் தடத்தின் சோலை நாற்றங்காலுக்கு இவ்வளவு என்று அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். மையின் விலை அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகும் என்று நம்புகிறேன்.

'இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு, குமுளி மலை ஏறிப் போய்த் தேக்கடியைப் பார்த்து வரச் சொல்லலாம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பாதியில் ஒரு வேடிக்கை நடந்தது. காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தை வனத்துறை ஜெயிலில் தள்ளி அலுத்துப்போய், கடைசியில் கூப்பிட்டுப் பேசியது. வழக்குகளைத் திரும்பப் பெற்றது. சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திப் போகும் வேலையைக் கொடுத்தது. கொள்ளைக்காரர்கள் எந்தத் தடத்தில் வருவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களே போட்ட தடம்தானே. நடைக்கு நடையும் ஆயிற்று, ரோந்துக்கு ரோந்தும் ஆயிற்று. 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெயரில் சுற்றுவட்டாரப் பெண்கள் கூலி வாங்காமல் காட்டைச் சுற்றிக் காவல் நடக்கிறார்கள். 2004இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, பயணிகளிடம் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைக் காட்டுக்கும் ஊருக்குமே திருப்பினார்கள். மரத்தை உரித்தவர்களே மரத்தைக் காத்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு நேர்மாறு: மலையை உரிப்பவர்கள் கையில் மரக்கன்றைக் கொடுத்திருக்கிறோம்.

காசே வாங்காத நடைகூட மலைக்கு ஆள் சேர்க்கும். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மாதந்தோறும் ஜனங்களைக் கூட்டிப்போய், கல்வெட்டையும் சமணப் படுக்கையையும் காட்டியது. அந்தக் குன்றுகளில் ஒன்றான அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்துக்கு டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் ஊரே தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எத்தனை எவர்சில்வர் பலகை நட்டால் இந்தப் பலம் வரும்?

இனி, பழனி மலைக்கு நிஜமாகவே உதவ வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு ஒரு கசப்பு மருந்து. அங்கே இன்றைக்கு முதல் தேவை நடுவதல்ல, பிடுங்குவது. சீகை மரத்தின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். ஒரு முறை வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் மீசை முளைத்தாற்போல் வந்து நிற்கும். ஆண்டுதோறும் போய், கையால் பிடுங்கிப் பிடுங்கி எறிய வேண்டும். புல் திரும்ப வேண்டிய இடத்தில் புல்லையே நாற்றுவிட்டு நட வேண்டும். நீலகிரியில் வசந்த் பாஸ்கோ போன்றவர்கள் அதைச் செய்துவருகிறார்கள். எல்லா மரத்தையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளினாலும் கேடுதான். வட்டக்கானலில் பல காலம் சோலை நாற்றங்கால் நடத்திய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் அந்நிய மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழுவதைக் கண்டு சொன்னார்கள். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். வால்பாறையில் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களை இருபதாண்டுக்கும் மேலாக நட்டுவருகிறார்கள். நட்டதை எண்ணிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போகாமல், பிழைத்ததை எண்ணினார்கள்.

இதில் பயணிக்கு வேலை இருக்கிறது. நடந்து வருகிறவர் ஒரு மணி நேரம் குனிந்து சீகைக் கன்றுகளைப் பிடுங்கலாம். அவர் கொடுக்கிற கட்டணத்தில் நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் பெண்ணுக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம் போகலாம். ஆனால் 'சீகை பிடுங்கும் பேக்கேஜ்' விற்குமா? தாயின் பெயரில் ஒரு மரம் நடலாம். தாயின் பெயரில் ஒரு கைப்பிடிப் புல் நட்டேன் என்று எந்த மகன் படம் போடுவான்? பிடுங்கியதற்குச் சான்றிதழ் கொடுத்தால் அதை எந்த நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு அறிக்கையில் அச்சடிக்கும்? மலைக்குத் தேவையானது ஒன்று, நமக்குப் படத்தில் அழகாக விழுவது இன்னொன்று. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் படத்தைத்தான் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம்.

ஆகவே மரம் நடும் விடுதிகளுக்கும், கம்பெனிகளுக்கும், அரசு விழாக் குழுக்களுக்கும் ஒரே ஒரு கோரிக்கை. நம் ஊர்க் கோயில் திருவிழா முடிந்தால் கமிட்டிக்காரர் வரவு செலவை எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்; ஒட்டாவிட்டால் சட்டையைப் பிடிக்கிறோம். அதே மரியாதையை மலைக்கும் கொடுங்கள். எந்த இடத்தில் நட்டீர்களோ அந்த இடத்திலேயே பலகை வையுங்கள். பிள்ளையின் பெயரெல்லாம் வேண்டாம். நான்கு வரி போதும்: எந்தக் கன்று, எத்தனை நட்டோம், மூன்று ஆண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது, அதைக் காப்பாற்றியவருக்கு எவ்வளவு கொடுத்தோம். நடக்க வருகிறவர்களும் பணத்தை நீட்டும் முன் அந்தப் பலகையைக் கேளுங்கள். அது இல்லாத இடத்தில் நடக்காதீர்கள்.

பலகை வைக்கத் துணிவில்லையா? அப்படியானால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். இந்த மலை உங்களிடம் மரம் கேட்கவில்லை. புல்லை விட்டுவை என்றுதான் கேட்டது. அதைக்கூடக் கொடுக்க முடியாதவர்கள், நடப்போரின் காசை வாங்கி, பளியரின் தோளில் வேலையை ஏற்றி, புல்லின் கழுத்தில் குழி வெட்டி, அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்காதீர்கள். வியாபாரம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வரியாவது சரியாக வசூலாகும்.